பாலர் வகுப்பும் கடைசி வாங்கும்

பாடசாலை ஆண்டின் முதல் நாட் காலையில், எந்தக் கிராமத்துப் பாடசாலையின் வாயிலிலும் ஒரே காட்சியைக் காணலாம். ஐந்து வயது நிரம்பிய பிள்ளையொன்று தாயின் சேலைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொண்டு நிற்கும். முதுகிலே பிள்ளையிலும் பெரிதாகத் தோன்றும் புத்தகப் பை. தோளிலே தண்ணீர்ப் போத்தல். சட்டையிலே மடித்துக் குத்திய கைக்குட்டை. உள்ளேயிருந்து மணி ஒலிக்கும். தாயின் விரல்கள் மெல்ல விலகும். ஆசிரியையின் கை நீளும். இரண்டு கைகளுக்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு முழம் இருக்கலாம். அந்த இரண்டு முழத்தைக் கடப்பது அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரும் பயணம்.

வீட்டிலே அது பசித்தபோது உண்டது. உறக்கம் வந்தபோது உறங்கியது. கேட்க நினைத்ததைக் கேட்டது. இங்கேயோ மணியடித்தால் உண்ணலாம், கையுயர்த்தினால் பேசலாம், அனுமதி பெற்றால் எழுந்து செல்லலாம். வீட்டிலே அதனை அழைத்தது செல்லப் பெயர். இங்கே அழைப்பது வரவு இடாப்பிலே எழுதப்பட்ட முழுப் பெயர். தன்னுடைய பெயரே தனக்குப் புதிதாக ஒலிக்கும் ஓரிடத்திலே அந்தப் பிள்ளை கல்வியைத் தொடங்குகின்றது.

ஓராண்டு கழித்து அதே வகுப்பறையை எட்டிப் பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். முன்வாங்கிலே இருக்கும் பிள்ளைகள், ஆசிரியை வினாவை முடிக்குமுன்னரே கையை உயர்த்துவர். நடுவாங்கிலே இருப்போர் அவர்களைப் பார்த்து உயர்த்துவர். கடைசி வாங்கிலே இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பர். அவர்கள் கையை உயர்த்துவதில்லை, குழப்பமும் செய்வதில்லை. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவர். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிவர். "அவன் கொஞ்சம் மந்தம்" என்ற சொல் அவர்களுக்கு அடையாளமாகிவிட்டிருக்கும். முதல் நாள் வாயிலிலே வந்து நின்ற எந்தப் பிள்ளையின் நெற்றியிலும் அந்தச் சொல் எழுதப்பட்டிருக்கவில்லை. அப்படியாயின் கடைசி வாங்கு எப்பொழுது, எவ்வாறு உண்டாயிற்று? பாலர் கல்வியைப் பற்றிச் சிந்திப்போர் முதலிலே விடை காண வேண்டிய வினா இதுவேயாகும்.

தமிழர் வாழ்விலே எழுத்தறிவித்தல் ஒரு மங்கலச் சடங்காகத் தொடங்குகின்றது. விசயதசமியிலோ தைப்பூசத்திலோ குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து, தட்டிலே பரப்பிய அரிசியில் முதலெழுத்தை எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது. பழைய திண்ணைப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். கை திருந்திய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. மணலில் எழுதுவதிலே ஒரு நன்மை இருந்தது. பிழைத்த எழுத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டால் அது மறைந்துவிடும். பிள்ளை அஞ்சாமல் மீண்டும் எழுதலாம். ஆயினும் அந்தத் திண்ணையிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்ததில்லை. பெண்பிள்ளைகளிற் பெரும்பாலோரும், ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் வெளியிலேயே நின்றனர்.

1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரிமார் பல ஊர்களிலே பள்ளிகளை நிறுவினர். 1848 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் இயற்றிய பாலபாடங்கள் முதலாவது, இரண்டாவது எனப் படிமுறையாக அமைந்தன. எளியதிலிருந்து அரியதற்குப் பிள்ளையை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற நெறி அவற்றிலே விளங்கியது. மலையகத்திலே, தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையை 1907 ஆம் ஆண்டுச் சட்டமொன்று தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. எனினும் ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர் என்ற நிலையிலேயே பல தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் இருந்தன. 1970களிலேதான் அவை அரசாங்கப் பொறுப்பில் எடுக்கப்பட்டன.

1945 ஆம் ஆண்டில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 இல் பாடநூல்களும், 1993 இல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் கட்டாயமாகப் பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1997 இல் பிறந்தது. 2016 இல் அவ்வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் பாடசாலையின் வெளிவாயிலைத் திறந்த செயல்கள். ஆனால் பாடசாலைக்கு உள்வாயில் ஒன்றும் உண்டு. அது விளக்கம் என்னும் வாயில். அதனைச் சட்டத்தினாலோ சீருடையினாலோ திறக்க இயலாது. முதலாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர் ஒருவரே அதனைத் திறக்க வல்லவர். வெளிவாயிலால் வந்து உள்வாயிலிலே தடுக்கப்பட்ட பிள்ளைதான் கடைசி வாங்குப் பிள்ளை.

அந்தத் தடை எங்கே ஏற்படுகின்றது? முதலாவதாக வாசிப்பிலே ஏற்படுகின்றது. தமிழ் எழுத்தைக் கற்பது எத்துணை அரியது என்பதை வளர்ந்தோர் மறந்துவிடுகின்றனர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துக்கள் என்று எண்ணிச் சொல்வது எளிது. பிள்ளையின் கண்ணாற் பார்த்தால் அவற்றின் நடுவே பல புதிர்கள் இருக்கின்றன. "பெட்டி" என்ற சொல்லிலே பிள்ளையின் காதில் முதலில் விழுவது பகர ஒலி. அதன் பின்னரே எகர ஒலி. எழுதும்போதோ எகரத்துக்குரிய கொம்பு முன்னே வந்து நிற்கின்றது. "கொக்கு" என்று எழுதும்போது முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி. கு, சு, டு, மு, ரு என்னும் உகர வரிசையிலே ஒவ்வோரெழுத்தும் ஒவ்வொரு வகையாக வளைகின்றது. "கல்", "பகல்", "தங்கம்" ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே. ஒலிப்போ மூன்று வகை.

இத்தகைய இடங்களிலே பிள்ளை பிழை விடுவது இயல்பு. "பெட்டி" என்று எழுதும் பிள்ளை பகரத்தை முதலில் எழுதிக் கொம்பைப் பின்னே போட்டால், அது காதாற் கேட்ட ஒழுங்கிலேயே எழுதியிருக்கின்றது. "மழை" என்பதை "மளை" என எழுதிய பிள்ளை, வீட்டாரும் அயலாரும் ஒலிப்பதை உண்மையாகவே பதிவு செய்திருக்கின்றது. இவை சிந்திக்கும் பிள்ளையின் பிழைகள். அவற்றைச் சிவப்புக் கோட்டினால் வெட்டிவிடும் ஆசிரியர் ஒரு பிழையைக் காண்கின்றார். அது ஏன் ஏற்பட்டது என்று ஒரு கணம் நின்று பார்க்கும் ஆசிரியர், அடுத்து எதனைக் கற்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் காண்கின்றார். முதலாமவரின் வகுப்பிலே கடைசி வாங்கு நீள்கின்றது. இரண்டாமவரின் வகுப்பிலே அது குறுகுகின்றது.

வாசிப்பிலே இன்னுமோர் ஏமாற்றமும் நிகழ்வதுண்டு. வகுப்பு முழுவதும் ஒரே குரலிலே பாடத்தைச் சொல்லும்போது எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பது போலத் தோன்றும். அவர்களுள் ஒரு பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பாடத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும். அதன் நினைவாற்றல் போற்றத்தக்கதே. ஆனால் அது வாசிக்கவில்லை. பாடத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டி, "இது யாது?" என்று கேட்டாலே உண்மை வெளிப்படும். ஆதலினால், நாளொன்றுக்கு நான்கைந்து பிள்ளைகளையேனும் தனித்தனியே அருகில் அழைத்து இரண்டு வரிகளை வாசிக்கச் செய்து கேட்பது சிறந்த ஆசிரியரின் வழக்கம். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலே இவ்வாறு ஒரு வாரத்துள் பெரும்பாலும் எல்லாரையும் கேட்டுவிடலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்திலே கண்டறியப்படாத குறை, ஐந்தாம் வகுப்பிலே இரண்டு ஆண்டு முயன்றாலும் தீராத குறையாக வளர்ந்து நிற்கும்.

எழுத்துக்களை அகர முதலாக வரிசையிலே சொல்லப் பழக்குவது பண்டைய முறை, அது வேண்டியதே. ஆயினும் வரிசையை ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு சொல்லின் பயன் தெரியாமலும் இருக்கலாம். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துக்களை முதலிற் காட்டி, அவற்றோடு மகரத்தையும் ரகரத்தையும் சேர்த்தால் படம், பட்டம், மரம் என்னும் சொற்கள் சில நாட்களிலேயே பிள்ளையின் கைக்கு வந்துவிடும். தான் எழுதியது ஒரு மரத்தின் பெயர் அன்று, முற்றத்தில் நிற்கும் எல்லா மரத்துக்கும் உரிய பெயர் என்று பிள்ளை உணரும் கணத்திலே எழுத்து அதற்கு உயிருள்ள பொருளாகின்றது. அந்தக் கணத்துக்கு முன்னர்க் கற்றதெல்லாம் பிள்ளைக்கு வெறுங் கோடே.

இரண்டாவது தடை எண்ணிலே வருகின்றது. பத்துக்கு மேலே பதினொன்று, பன்னிரண்டு எனத் தமிழிலே பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும் என்ற பொருள் சொல்லிலேயே கிடக்கின்றது. இருபது, முப்பது, நாற்பது என்று செல்லும் பிள்ளை எண்பதுவரை தடையின்றி ஏறிவிடும். அதன் பின்னர் ஒன்பதைக் கொண்ட ஒரு சொல்லை அது தேடுகின்றது, வருவதோ தொண்ணூறு. நூறு என்னும் ஒலி அங்கே எப்படி வந்தது என்று பிள்ளை திகைக்கின்றது. எண்பத்தொன்பதிலே நின்றுவிடும் பிள்ளையை எண்ணத் தெரியாத பிள்ளை என்று சொல்வதா, எண்ணின் ஒழுங்கை உணர்ந்து அந்த ஒழுங்கு குலையும் இடத்திலே நின்ற பிள்ளை என்று சொல்வதா?

எண்ணைக் கற்பதற்குக் கண்ணும் கையும் வேண்டும். புளியங்கொட்டை, மஞ்சாடி, சோகி, ஈர்க்குத் துண்டு ஆகியவை காசின்றிக் கிடைக்கும் கருவிகள். பத்து ஈர்க்குகளை ஒரு கட்டாகக் கட்டி, "இது ஒரு பத்து" என்று பிள்ளையின் கையிலே கொடுத்தால், இடப்பெறுமானம் என்ற கடினமான பாடம் கைக்குள் அடங்கிவிடும். பிள்ளைகள் இடைவேளையிலே ஆடும் கொக்கான் விளையாட்டைச் சற்றுக் கவனித்தாலும் இது விளங்கும். ஒரு கல்லை மேலே எறிந்து, நிலத்திலுள்ள நான்கு கற்களையும் முதலில் ஒவ்வொன்றாக எடுக்கின்றனர். பின்னர் இரண்டிரண்டாக எடுக்கின்றனர். பின்னர் மூன்றும் ஒன்றுமாக எடுக்கின்றனர். இறுதியிலே நான்கையும் ஒருங்கே அள்ளுகின்றனர். நான்கு என்ற எண் எத்தனை வகையாகப் பிரியும் என்பதை மரநிழலிலே கற்றுக்கொண்ட அதே பிள்ளை, வகுப்பிலே "மூன்றும் ஒன்றும் எத்தனை?" என்ற வினாவுக்கு விழிக்குமாயின், பிள்ளை அறிந்ததற்கும் பாடத்துக்கும் இடையிலே பாலம் போடப்படவில்லை என்பதே பொருள்.

மூன்றாவது தடை மொழியைப் பற்றியது. தாய்மொழியிலேதான் பிள்ளை கற்கின்றது. ஆயினும் தாயின் மொழியும் புத்தகத்தின் மொழியும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துப் பிள்ளை "வடிவு" என்னும். புத்தகம் "அழகு" என்கின்றது. பிள்ளை "மரம் நிக்குது" என்னும். புத்தகம் "மரம் நிற்கின்றது" என்கின்றது. மட்டக்களப்புப் பிள்ளைக்கும் மலையகப் பிள்ளைக்கும் மன்னார்ப் பிள்ளைக்கும் தத்தமக்கென ஒரு வழக்கு உண்டு. முதல் வாரத்திலேயே "அப்படிச் சொல்லக்கூடாது" என்று திருத்தப்பட்ட பிள்ளை, இனிப் பேசாதிருப்பதே நன்று என்று முடிவு செய்துவிடும். அந்த மௌனத்தை ஒழுக்கம் என்று கருதுவோரும் உளர். நல்ல ஆசிரியை பிள்ளை சொன்னதை முதலில் ஏற்கின்றார். பின்னர் அதனையே நூல்வழக்கிலே தாமும் ஒரு முறை சொல்கின்றார். "ஓம், பூ வடிவுதான், பூ அழகாக இருக்கின்றது" என்பார். பிள்ளை தன் சொல்லை இழக்காமலே இன்னொரு சொல்லைப் பெற்றுக்கொள்கின்றது.

இவை கல்வியின் உள்ளே பிறக்கும் தடைகள். கல்விக்குப் புறம்பேயிருந்து வரும் தடைகளும் உள. கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்கும் பிள்ளைக்குப் பார்வைக் குறை இருக்கலாம். பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத பிள்ளைக்குச் செவிப்புலன் குறைந்திருக்கலாம். பத்து மணிக்கே மேசையிலே தலை சாய்க்கும் பிள்ளை காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்திருக்கலாம். மலையகத்திலே தாய் விடியற்காலையிலேயே கொழுந்து பறிக்கச் சென்றுவிட, தமக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பனி மூடிய ஏற்றப் பாதையிலே நடந்து வரும் பிள்ளை பிந்தி வரலாம். இந்தப் பிள்ளைகளையும் பெரும்பாலும் கடைசி வாங்கே ஏற்றுக்கொள்கின்றது. பார்வை குறைந்த பிள்ளையைக் கரும்பலகைக்கு மிகத் தொலைவிலே இருத்திவிட்டு, அது கற்கவில்லை என்று குறைப்படுவதைப் போன்ற அநீதி வேறில்லை.

"அடியாத மாடு படியாது" என்றொரு பழமொழி உண்டு. மாட்டைப் பற்றிச் சொல்லப்பட்டதைப் பிள்ளையின்மேல் ஏற்றி, நெடுங்காலமாகப் பிரம்பு வகுப்பறையிலே அரசோச்சியது. பாடசாலைகளிலே உடல்சார்ந்த தண்டனையைத் தடை செய்து கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலே சுற்றறிக்கை விடுத்தது. பிரம்பு ஒழிந்தாலும் சொல்லாலாகிய பிரம்பு எல்லா இடங்களிலும் ஒழிந்துவிடவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்படி ஒரு பிள்ளையின் பிழையை உரத்து வாசித்தலும் தண்டனையே. அச்சமுற்ற பிள்ளை சிந்திப்பதில்லை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கின்றது. பார்த்தெழுதிய கொப்பி அழகாக இருக்கும். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நிறைவளிக்கும். அச்சத்தினால் விளையும் பெருங் கேடு இதுதான்: அது அறியாமையை அழிக்காமல் ஒளித்து வைக்கின்றது.

சின்னஞ்சிறு பிள்ளை விளையாட்டாலேயே கற்கின்றது என்பது புதிய கொள்கையன்று. செருமனியிலே பிரடெரிக் புரோபல் 1837 ஆம் ஆண்டில் இளம் பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, பின்னர் அதற்குப் பிள்ளைகளின் பூந்தோட்டம் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1907 ஆம் ஆண்டில் மரியா மொண்டிசோரி அம்மையார் உரோம் நகரத்து ஏழைத் தொழிலாளரின் குடியிருப்பிலே பிள்ளைகளின் இல்லத்தைத் திறந்தார். பிள்ளையின் உயரத்துக்கேற்ற மேசையும், அதன் கைக்கு அடங்கும் பொருள்களும் கொடுத்து, அது தானே செய்து தானே திருத்திக்கொள்ள விட்டார். இலங்கையிலும் 1990களின் பிற்பகுதியிலே வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், வழிப்படுத்தப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்னும் மூன்றையும் இணைத்து, முதலிரு வகுப்புக்களிலே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்தது. "பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள், எப்பொழுது படிப்பார்கள்?" என்று கேட்ட பெற்றோர் பலர். மணலிலே எழுதுவித்த முன்னோர் அந்த வினாவைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு வகுப்பறைக்கு இன்றியமையாதது யாது என்பதை இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் அனுபவம் கசப்பாகவே கற்பித்திருக்கின்றது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோதும், போரின் பிற்காலத்திலே வன்னியிலும், மரநிழலிலும் கொட்டிலிலும் வகுப்புக்கள் நடந்தன. கட்டடம் இல்லை, மேசை இல்லை, கொப்பியும் அரிது. ஆயினும் ஆசிரியரும் பிள்ளையும் முகம் பார்த்து இருந்த இடமெல்லாம் பாடசாலையாயிற்று. 2020 ஆம் ஆண்டிலோ இதற்கு மறுதலையான நிலை உண்டானது. பெருந்தொற்றுக் காரணமாக மார்ச்சு மாதத்திலே பாடசாலைகள் மூடப்பட்டபோது கட்டடம் இருந்தது, மேசை இருந்தது, முகம் பார்த்தல் இல்லாது போயிற்று. அவ்வாண்டு தையிலே முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகள், ஆசிரியையின் குரலுக்குப் பழகுமுன்னரே வீட்டுக்குத் திரும்பினர். கைத்தொலைபேசியிலே பாடம் வந்த வீடும் உண்டு. வராத வீடும் உண்டு. மேல் வகுப்பு மாணாக்கன் விட்ட பாடத்தைத் தானே படித்துக்கொள்ள முடியும். படிக்கவே பழகாத பிள்ளை விட்டதை எவ்வாறு தானே பிடிக்கும்? ஆரம்ப வகுப்பின் இழப்பு மற்றெல்லா வகுப்புக்களின் இழப்பினும் ஆழமானது என்பதை அந்தக் காலம் காட்டிச் சென்றது.

இவ்வளவுக்கும் மேலாக, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் கீழ்வகுப்புக்கள்வரை நீண்டு விழுகின்றது. 1940களிலே மத்திய பாடசாலைகள் தோன்றியபோது, வசதியற்ற கிராமத்துப் பிள்ளையை நல்ல பாடசாலைக்கு உயர்த்துவதற்கு ஓர் ஏணியாகவே அந்தப் பரிசில் அமைந்தது. ஏணியிலே ஏறிப் பயன்பெற்றோர் பலர். ஆனால் காலப்போக்கிலே ஏணியே பாரமாயிற்று. முதலாம் வகுப்புப் பிள்ளையையும் மாலை வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் நகரங்களிலே பரவியது. மாலையிலே முற்றத்தில் ஓட வேண்டிய கால்கள் வாங்கின்கீழே தொங்குகின்றன. முந்தி ஓடும் பிள்ளைகளை மேலும் விரைந்து ஓடச் செய்யும் ஆசையிலே, நிற்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க எவருக்கும் நேரமில்லாது போகின்றது.

கடைசி வாங்கை அகற்றுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வாரந்தோறும் பிள்ளைகளின் இருக்கையை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். இன்று பின்னே இருந்த பிள்ளை அடுத்த வாரம் முன்னே இருக்கும். ஓராசிரியரே இரண்டு மூன்று வகுப்புக்களை ஒருங்கே நடத்தும் சிறு பாடசாலைகளிலே, மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை வாசிக்கலாம். வாசிக்கும் பிள்ளைக்குப் பெருமை. கேட்கும் பிள்ளைக்கு ஆசை. வகுப்பறையின் ஒரு மூலையிலே கயிறு கட்டிப் பத்துப் படக்கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டால் அதுவே நூலகம். அதிபர்மார் தம் பாடசாலையின் தேர்ந்த ஆசிரியரை மேல் வகுப்புக்கே அனுப்பும் வழக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் நன்று. வீடு கட்டுவோர் கைதேர்ந்த கொத்தனைக் கூரைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அத்திவாரத்தைப் பழகுவோனிடம் விட்டுவிடுவதில்லை.

பெற்றோர் செய்யத்தக்கதும் உண்டு. பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை புள்ளி?" என்று கேட்பதை விடுத்து, "இன்றைக்கு என்ன கண்டாய்? யாரோடு விளையாடினாய்?" என்று கேட்டால் பிள்ளை பேசும். பேசும் பிள்ளையே எழுதும். எழுத்தறியாத தாயும் தன் பிள்ளையின் கல்விக்கு உதவ இயலும். அடுப்படியிலே இருந்தபடியே, "நீ வாசி, நான் கேட்கிறேன்" என்று அவர் சொல்லலாம். தன்னுடைய வாசிப்பைக் கேட்பதற்கு ஒருவர் காத்திருக்கின்றார் என்ற எண்ணம் பிள்ளைக்கு ஆயிரம் பரிசிலும் பெரிது. பாட்டி சொல்லும் கதையும் பாடமே. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகம் அந்நியமாக இராது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை மட்டும் பெற்றோர் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். ஒரே நாளில் நட்ட இரண்டு கன்றுகளும் ஒரே நாளிற் பூப்பதில்லை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியைப் பிள்ளையைக் கண்டிப்பதற்கே பலர் எடுத்தாள்கின்றனர். அதனை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் விடுத்த எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். தனக்குப் படிப்பு வராது என்ற நம்பிக்கையும் ஐந்து வயதிலேதான் ஒரு பிள்ளையின் மனத்திலே படிகின்றது. அவ்வாறு படிந்தபின் அதனை ஐம்பது வயதிலும் நிமிர்த்துவது அரிது. பாடசாலையிலே எத்தனையோ பாடங்களை மறந்தவர்களும், தம்மை முதன்முதலில் மந்தம் என்றவரின் குரலை மறப்பதில்லை. "உன்னால் முடியும், இன்னொரு முறை பார்" என்ற குரலையும் அவர்கள் மறப்பதில்லை.

ஆண்டின் இறுதித் தவணையிலே ஒரு நாள், பாடசாலை விட்டபின் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வீதியால் நடந்து செல்லும். சந்தியிலே வந்து நிற்கும் பேருந்தின் நெற்றிப் பலகையை அது அண்ணாந்து பார்க்கும். எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டும்; இடையிலே தடுமாறும்; மறுபடி தொடங்கும். பின்னர்த் திடீரெனத் தன் ஊரின் பெயரை உரத்துச் சொல்லும். யாரும் கேட்காமலே, பரீட்சை எதுவும் இல்லாமலே, அது ஒரு சொல்லை வாசித்துவிட்டது. தை மாதத்திலே அந்தத் தாயின் விரல்களை விட மறுத்த பிள்ளை அதுவாக இருக்கலாம்; தவணை முழுவதும் வாய் திறவாதிருந்து, ஆசிரியை பொறுமையோடு அருகில் அழைத்துக் கேட்ட பிள்ளையாகவும் இருக்கலாம். முதல் நாள் வாயிலால் வந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாள் இவ்வாறு தன் ஊரின் பெயரைத் தானே வாசித்தல் வேண்டும். அதற்கு ஒரு பிள்ளை மற்றொன்றைவிட ஆறு மாதம் கூடுதலாக எடுக்கலாம். அந்த ஆறு மாதத்தைக் கொடுப்பதற்குப் பாடசாலையும் வீடும் ஆயத்தமாக இருந்தால், கடைசி வாங்கு வெறும் மரப்பலகையாகவே எஞ்சி நிற்கும்.